எல்லாம் ஒறிஜினல், அண்ணை

கனகராயன்குளத்தில் ஒருவர் லாண்ட்மாஸ்ரர் வாங்கினால் ஊர் எதுவும் கேட்காது. புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் எந்தக் கம்பனியில் லீசிங் என்று கேட்கும். 1953இல் செய்த ஒஸ்ரின் ஏ40 சோமர்செட் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டால், உங்களிடம் ஒன்றும் கேட்காமல் உங்கள் மனைவியிடம் போய், "ஆளுக்குச் சுகமில்லையோ?" என்று விசாரிக்கும்.

இந்த வருத்தத்தை எனக்குத் தொற்றவைத்தவர் ஸ்காபறோவில் இருக்கும் மச்சான், மனைவியின் தமையன். அவரிடம் 1955ஆம் ஆண்டுச் செவ்ரோலே பெல் எயார் ஒன்று இருக்கிறது. எட்டுச் சிலிண்டர், 4.3 லீற்றர் எஞ்சின், கிட்டத்தட்ட ஐந்து மீற்றர் நீளம். கோடையில் மட்டும்தான் வெளியே எடுப்பார். பனிக்காலத்தில் கனடாக்காரர் வீதிக்கு உப்புப் போடுவார்களாம், அது இரும்பைத் தின்றுவிடுமாம். அதனால் அந்தக் கார் ஆறு மாதம் ஹீற்றர் போட்ட கராஜுக்குள் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும். அதன் வீடியோக்கள் வாட்சப்பில் வரவர எனக்கும் ஆசை வளர்ந்தது. மெதுவாக வீட்டில் சொன்னேன்.

"அண்ணாவுக்கு அங்க காசு பழுதாப்போகுது, கார் வாங்கினார். உங்களுக்கு இஞ்ச என்ன பழுதாப்போகுது?"

இதற்கு மறுமொழி இல்லை. ஆனால் காலம் எனக்குச் சார்பாக இருந்தது. 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு ஒரு சின்ன யப்பான் காருக்கு, அதுவும் யாரோ ஓடிக் களைத்ததற்கு, அரைக் கோடிக்கு மேல் கேட்டார்கள். பழைய கார் வாங்குவதுதான் புத்தி என்று விளங்கப்படுத்தினேன். "பழசு எண்டால் பத்து வருசப் பழசு. உது அம்மாவின்ர வயசு" என்றார். அப்படியே வாங்கினேன்.

மச்சான் மாதிரி அமெரிக்கக் காருக்கு நான் போகாததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து இலங்கைக்கு செவ்ரோலேயும் பிளிமத்தும் வந்ததுதான். அவை பெற்றோலைத் தண்ணீராய்க் குடிக்கிற சாதி, காசுக்காரரின் வாசலில் நின்றன. வாத்தியாரும் டொக்டரும் வாடகைக்கார் ஓட்டுநரும் வைத்திருந்தவை ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும். 1960களில் அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977 வரைக்கும் அந்த இறுக்கம் தளரவில்லை. இருந்ததைத்தான் வெட்டி ஒட்டி ஓட்டவேண்டியிருந்தது. கியூபாவிலும் இதே கதைதான். அங்கே செவ்ரோலேக்குள் ரஷ்ய எஞ்சின் புகுந்தது, இங்கே ஒஸ்ரினுக்குள் யப்பான் எஞ்சின். ஹவானாவில் அதைப் படம்பிடிக்க உல்லாசப் பயணிகள் போகிறார்கள். எங்களைப் படம்பிடிக்க வந்தவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தக் கார்களுக்கு உண்மையான மரியாதை வந்தது 1990இல் பொருளாதாரத் தடை போட்ட பிறகு. பெற்றோல் கண்ணில் காண்பதற்கே அரிதானது. பஜிறோக்களும் புதுச் சாமான்களும் மூலையில் படுத்தன. ஒஸ்ரின் மட்டும் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணவேண்டும், எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சில கார்களில் பெற்றோல் சேலைன் போத்தலில் தொங்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏறுகிற மாதிரியே சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்கு ஏறும். பின்னால் போகிற சைக்கிள்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். இதிலிருக்கிற சூட்சுமத்தை ஒரு பழைய மெக்கானிக் எனக்குச் சொன்னார்: புது எஞ்சின்கள் காற்றையும் எண்ணெயையும் கடுமையாக அமுக்கும், அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடித்து எஞ்சினைச் சம்மட்டியால் அடிக்கும். பழையது மெதுவாக அமுக்கும், எதைக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். "அது வெள்ளைக்காரன் செய்த கார் தம்பி, ஆனால் வளர்ந்தது எங்களோட" என்றார். பேர்மிங்காமில் அதைச் செய்தவர்களுக்கு இந்தக் கதை போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் இந்தக் கார் நின்றது. கடும் பச்சை நிறம், பொனற்றின் நுனியில் பறக்கிற மாதிரி ஒரு 'ஏ' எழுத்து, ஸ்ரியறிங்கோடு ஒட்டிய கியர்க் கம்பி, முன்னால் வாங்கு போல ஒரே சீற். இலக்கத் தகட்டு எழுத்துக்காகத் தார்வாளி தூக்கிய காலத்தை ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1957இல் வந்த சிங்கள 'ஸ்ரீ'க்கு முந்திய பதிவு என்பதால், என் இலக்கத் தகட்டில் தார் பூச ஒருவருக்கும் தேவை வந்திராது.

"எல்லாம் ஒறிஜினல், அண்ணை" என்றார் விற்கிறவர்.

எனக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைச் சீலைத்துண்டில் சுற்றிச் சட்டைப் பைக்குள் கொண்டுபோயிருந்தேன். கூரையில் வைத்தேன், ஒட்டியது. கதவில் வைத்தேன், ஒட்டியது. இடப்பக்கப் பின் மட்காட்டில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. இருவரும் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அதில இரும்பு கொஞ்சம் களைச்சுப்போச்சு. பட்டி பூசி விட்டிருக்கு. பட்டி நல்ல பட்டி."

"எஞ்சின்?"

"எஞ்சின் ஒறிஜினல். நாலு சிலிண்டர், 1200 சீசீ. பிஸ்ரன் மட்டும் வேற. காபரேற்றரும் வேற. டைனமோ கழட்டி ஓல்ரனேற்றர் போட்டிருக்கு."

மிச்சம் ஒறிஜினல். விலையை இங்கே எழுதமாட்டேன். வீட்டில் சொன்ன விலை வேறு, இந்தக் கட்டுரையை அவரும் வாசிப்பார்.

கராஜ் பொடியன் ஒருவனையும் ஏற்றிக்கொண்டு ஏ9இல் புறப்பட்டேன். கொடிகாமத்தில் ஒரு தட்டிவான் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பளையில் கார் விக்கியது. பெற்றோல் பம்ப் சூடேறி உள்ளே ஆவி அடைத்துவிட்டதென்று பொடியன் தன் துவாயை நனைத்துப் பம்பில் சுற்றினான், ஓடியது. ஆனையிறவில் ரேடியேற்றர் கொதித்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், ஆனால் ஒரு சிரங்கை கூட உதவாது, அவ்வளவும் உப்பு. மச்சான் பனிக்கு உப்புப் போடுகிறார்கள் என்று காரை ஒளித்துவைக்கிறார், நான் உப்பு விளைகிற இடத்திலேயே பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கார் குடித்தது.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், இதுவும் நின்றது, தேங்காய் அடித்தேன். கச்சான் விற்கிற அம்மா ஒருவர் கடையை விட்டு எழும்பி வந்து கதவைத் திறந்து மணந்து பார்த்தார். "இப்ப மண்ணெண்ணை மணக்கேல்லை" என்று குறைபோலச் சொன்னார். தன்னுடைய மூத்தவனைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனது இப்படி ஒரு காரிலாம், உள்ளே பதினொரு பேராம். அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிட்டது. எல்லாரிடமும் ஒன்று இருந்திருக்கிறது, அல்லது சித்தப்பாவிடம் இருந்திருக்கிறது. இடம்பெயரும்போது எந்த ஊர் மரத்தின்கீழ் விட்டுவிட்டு வந்தார்கள் என்றும் ஞாபகம் இருக்கிறது. ஒருவர் என் காரின் அடியில் குனிந்து பார்த்து, "இது எங்கட இல்லை" என்று உறுதிசெய்துகொண்டு போனார். பழைய கார் வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சாவி உங்களிடம் இருக்கும், சொந்தக்காரர் நூறு பேர் இருப்பார்கள்.

இப்போது ஊரில் கலியாணம் என்றால் காரைக் கேட்டு வருகிறார்கள். எண்ணெய்க் காசும், தள்ளுவதற்கு மாப்பிள்ளைத் தோழர் நாலு பேரும் அவர்கள் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். மகன் அதில் புளூடூத் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டான். அம்மா மட்டும் பின்னேரங்களில் முன்சீற்றில் இருந்து வெற்றிலை போடுகிறார், கார் எங்கும் போகவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. மனைவியும் போன கிழமை மச்சானுக்குப் படம் அனுப்பியிருக்கிறார், தானே ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு.

ஒரு சாமான் மட்டும் இன்னும் அகப்படவில்லை: சோமர்செட்டின் இடப்பக்கப் பின் லைற்றின் சிவப்புக் கண்ணாடி. உங்கள் கோழிக்கூட்டுக்கு மேலோ மாட்டுக்கொட்டிலிலோ அப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். கனகராயன்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, ஒஸ்ரின்காரர் வீடு எது என்று கேளுங்கள். நல்ல விலை தருவேன். வீட்டில் கேட்டால் சும்மா தந்தது என்று சொல்லுங்கள்.