நாலு கம்பி, முப்பது பாட்டு

இரவு பத்தரைக்கு மேல் ஒரு பேஸ் கிட்டார்காரருக்கு போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. நல்ல சேதிகளெல்லாம் பாடகர்களுக்கும் கீபோர்டுக்காரர்களுக்கும் பகலிலேயே போய்விடும். இவருக்கு வருவது ஒரே ரகம்: “தம்பி, நம்ம ட்ரூப் பேஸ் அண்ணனுக்கு டெங்கு. ஞாயித்துக்கிழமை வடபழனியில ரிசப்ஷன். முப்பது பாட்டுதான். எல்லாம் தெரிஞ்ச பாட்டுதான்.”

இரண்டு ‘தான்’ அடுத்தடுத்து வந்ததைக் கவனிக்காமல் “ஓகே சார்” என்று சொல்லிவிடுகிறவர்தான் மாற்று பேஸ்காரர்.

சென்னையில் இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. வயது முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடாதது. பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. கல்லூரி நாட்களில் ஹெவி மெட்டல். ஐஐடி சாரங் மேடையில் தலையை ஆட்டியபோது எடுத்த போட்டோ ஒன்று இன்னும் போனில் இருக்கும். அன்று தோள்வரை தொங்கிய முடிக்கு இன்று மேலேயே இருப்பு போதவில்லை. கறுப்பு டி-ஷர்ட் மட்டும் மாறவில்லை. மெட்டாலிகா குழு 1988-ல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் கிட்டாரைக் காதிலேயே விழாதபடி அமுக்கிவிட்டார்கள் அல்லவா, அதை இவர் பங்காளி பாகப்பிரிவினையில் ஏமாற்றிவிட்ட தொனியில் சொல்லுவார். கேட்பவர் எழுந்து போன பிறகும் சொல்லுவார்.

இப்படிப்பட்ட நம்மவருக்குப் புதன்கிழமை காலை பாட்டுப் பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் ஒரு எண்: 1, 5½, 4, 2½. விலையா, நிமிஷமா என்று யோசித்துவிட்டுக் கேட்டபோதுதான் அது கட்டை என்று தெரிந்தது. மேலைநாட்டு ‘சி’ இங்கே ஒரு கட்டை, ‘டி’ இரண்டு, ‘ஈ’ மூன்று. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு அரை. ஜி-ஷார்ப் என்றால் ஐந்தரை. ராக் இசைக்காரர்கள் பெரும்பாலும் ஈ, ஏ என்ற திறந்த கம்பிகளில் குடித்தனம் நடத்துகிறவர்கள். தன் வாலிபம் முழுக்க மூன்று கட்டையிலேயே கழிந்திருக்கிறது என்பது அவருக்கு முப்பத்தைந்தாவது வயதில் தெரியவந்தது.

ஒரு கட்டையில் வேறொரு சங்கடம். நாலு கம்பி பேஸின் தடித்த கம்பி ‘ஈ’; அதிர்வு 41 ஹெர்ட்ஸ். கீழ் ‘சி’ அதற்கும் கீழே கிடக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஐந்து கம்பி பேஸ் வேண்டும். 1842-லிருந்து வாத்தியம் விற்றுவரும் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போனார், ஐந்து கம்பியை மடியில் வைத்துப் பார்த்தார், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார், தோள்பட்டை வார் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அன்று மாலை பேட் வாசிப்பவர் மூலமாக ஒரு புதையல் வந்து சேர்ந்தது. ரெகுலர் பேஸ் அண்ணனின் நோட்டுப் புத்தகம். இருநூறு பக்கம், மேலே பிள்ளையார் சுழி, நடுவில் ஒரு பக்கம் மளிகைக் கணக்கு. சங்கேதமெல்லாம் அண்ணனுடையதே: ‘பல்லவி நேர். சரணம் ஏறும். ரெண்டாவது பிஜிஎம் சு.நி.’ இந்தச் சு.நி. முப்பது பாட்டில் பதினேழு இடங்களில் இருந்தது. சில இடங்களில் அடிக்கோடு வேறு.

நம்மவருக்கு விளங்கவில்லை. வீட்டில் விளங்கக்கூடியவர் ஒருவர் உண்டு. ஆனால் அவரிடம் கேட்பதில்லை. அப்பா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மார்கழி வந்தால் மியூசிக் அகாடமியில் காலை லெக்சர் தொடங்கி கேண்டீன் காப்பி வரை எதையும் விடாதவர். மகனுடைய பேஸ் கிட்டாரைப் பதினைந்து வருஷமாகப் பழுதுபார்க்கக் கொடுக்க மறந்த மரச்சாமானாகவே பாவித்து வந்தவர்.

முதல் இரவு ரெகே. “பழைய எம்.எஸ்.வி. மெட்லிய நாங்க ரெகேல பண்ணியிருக்கோம் தம்பி” என்று ட்ரூப் மாஸ்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மெல்லிசைக் குழுக்களில் இதெல்லாம் பழைய ரசத்தில் புதுத் தாளிப்பு மாதிரி. நம்மவரோ ஜமைக்காவுக்கே போய்விட்டார். பாப் மார்லி குழுவில் பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட்டை, ‘ஃபேமிலி மேன்’ என்று செல்லமாக அழைக்கப்பட்டவரை, முக்கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார். அங்கே ட்ரம்ஸ்காரர் முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில் உட்காருகிறார். பாட்டின் நடையைச் சுமப்பதே பேஸ்தான். ஆனால் அது அவசரப்படுவதில்லை, இடம் விட்டு இடம் விட்டு நடக்கிறது. நம்மவர் கை முதல் தட்டில் சம்மட்டி போட்டே வளர்ந்த கை. இரண்டு மணி நேரத்தில் அவர் கற்றுக்கொண்டது கையைத் தூக்குவது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் தூக்கிய கையை அங்கேயே நிறுத்துவது.

மறுநாள் கியூபா. பட்டியலில் ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்துப் பாட்டு இருந்தது. ரெக்கார்டிங் தியேட்டரையே திரையில் காட்டுவார்களே, அந்தப் பாட்டு. மாஸ்டர் பக்கத்தில் ‘லத்தீன்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். ஒரு வார்த்தை போதாதா? கச்சாவோ என்ற ஹவானா நகரத்துப் பேஸ் மேதையைத் தேடிப் பிடித்தார். அந்த ஊர் பேஸ் நடைக்குத் தும்பாவோ என்று பெயர். முதல் தட்டில் பேஸ் இறங்காது. அடுத்த சுற்றுக்குரிய ஸ்வரம் இந்தச் சுற்றின் நாலாவது தட்டிலேயே வந்துவிடும், அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே செலவழிப்பதைப் போல. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போய், பதினோரு மணிக்கு நம்மவர் பேஸைக் கட்டிலில் எறிந்தபோது கதவு திறந்தது.

“டேய், சமத்த எங்கடா தொலைச்ச?”

அப்பா. பனியனும் எட்டு முழமுமாக.

நம்மவர் வேறு வழியில்லாமல் விளக்கினார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். “தாளத்துக்கு முன்னாடியே எடுத்தா அதீதம். தாளம் விழுந்தப்புறம் எடுத்தா அனாகதம். நேத்து நீ தட்டிண்டிருந்தது அனாகதம், இது அதீதம். இதுக்கு ஏன்டா கியூபா?” நம்மவர் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நாலாவது சுற்றில் விரல் சரியான இடத்தில் விழுந்தது. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்; இருவரும் ஒரே அறையில் சண்டையில்லாமல் இருபது நிமிஷம் இருந்தது அந்த வீட்டில் வழக்கமில்லை.

(அந்தப் பாட்டை ட்ரூப்பில் நேர் நடையாகத்தான் வாசிக்கிறார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ‘லத்தீன்’ என்று எழுதியது பேங்கோஸ்காரருக்காம்.)

சூட்டோடு சூடாக நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சுத்த நிஷாதம்டா. நிஷாதம் மூணு: சுத்தம், கைசிகி, காகலி. இவர் விஷயம் தெரிஞ்சவர்.” பதினேழு இடங்களிலும் நம்மவர் பென்சிலால் வட்டம் போட்டார்.

வெள்ளிக்கிழமை ராஜா. பேஸ்காரர்களுக்கு இளையராஜா மீது இருப்பது பக்தியும் பயமும் சரிபாதி. நம்மவரும் “ராஜா பாட்டா, சின்ன வயசுலேந்து கேக்கறதுதானே” என்று நினைத்திருந்தார். அவர் கேட்டதெல்லாம் டவுன் பஸ் ஸ்பீக்கரிலும் மாமா வீட்டு டேப் ரெக்கார்டரிலும். அவற்றில் பாட்டின் மேல் மாடிதான் கேட்கும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் நிலாப் பாட்டைக் கேட்டபோதுதான் கீழ்ப் போர்ஷனில் இன்னொரு குடும்பமே குடியிருப்பது தெரிந்தது. கிட்டாரையும் புல்லாங்குழலையும் ஊரே முணுமுணுக்கும். அடியில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு, மேலே நடப்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய செவ்வியல் படித்தவர் எழுதிய பேஸ் அது. ‘ரூட் நோட்டைப் பிடிச்சுட்டு நில்லு’ என்கிற சங்கதி அங்கே நடக்காது. ஒரு சரணத்துக்கே இரண்டு இரவு போயிற்று. ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றுக்குச் சனிக்கிழமை பிற்பகல் மட்டும் மிச்சம்.

இந்த மாதிரி வேளைகளில் மாற்று பேஸ்காரர் முன்னோர்களை நினைத்துக்கொள்வார். அவர்களில் சிலர் நிஜமாகவே மாற்று ஆட்கள். 1963-ல் ஹாலிவுட் கேப்பிட்டல் ஸ்டூடியோவில் பேஸ்காரர் வராததால், கிட்டார் வாசிக்க வந்திருந்த கேரல் கேயின் கையில் பேஸைக் கொடுத்தார்கள். பிற்பாடு ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரின் முகப்பிசையில் அவர் பேஸ்தான். 1970-ல் ஜேம்ஸ் பிரவுனின் குழுவினர் சம்பளத் தகராறில் கிளம்பிவிட, பூட்சி காலின்ஸ் என்ற 18 வயதுப் பையனையும் அவன் கூட்டாளிகளையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிரவுன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே: என்ன வேண்டுமானாலும் வாசி, முதல் தட்டில் வந்து நில். ஜமைக்காவில் காலி விடு, கியூபாவில் முந்து, பிரவுனின் ஜார்ஜியாவில் நச்சென்று இறங்கு. ஒரு தட்டுக்கு இத்தனை நாட்டாமையா என்று நம்மவர் சலித்துக்கொண்டார். ஆனால் தனக்கும் இப்படி ஒரு விமானம் வரும் என்ற எண்ணம் உள்ளூர இல்லாமலில்லை. ஞாயிறன்று வந்தது ஷேர் ஆட்டோ.

கடைசி ஐந்து பாட்டும் குத்து. அவற்றை அவர் தொடவேயில்லை. குத்துதானே!

மண்டபத்தில் ஒத்திகை என்பது, பந்தியில் இலை போடும் சத்தத்துக்கு நடுவே “ஹலோ, செக், செக்” சொல்வதோடு முடிந்தது. முதல் பாட்டு பிள்ளையார் காப்பாற்றினார். ரெகே மெட்லியில் நம்மவர் காலி விட்ட முதல் தட்டைக் கேட்டு ட்ரம்ஸ் தம்பி திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அந்தப் பெருமை எட்டு நிமிஷம் நீடித்தது.

அப்புறம் பாடகி மைக்கை மூடிக்கொண்டு மாஸ்டரிடம், “சார், தொண்டை கட்டியிருக்கு. அரைக்கட்டை இறக்கிக்கலாமா?” என்றார். மாஸ்டர் தலையசைத்தார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார். அவர் வேலை முடிந்தது. நம்மவருக்கு ஏது பட்டன்? பாட்டு மூன்று கட்டை. திறந்த ‘ஈ’ கம்பியை நம்பி நாலு இரவு உருப்போட்டது. அரைக்கட்டை இறங்கினால் இரண்டரை. அந்த ஸ்வரம் அவர் வாத்தியத்திலேயே கிடையாது, கழுத்தைத் தாண்டி வெளியே எங்கோ தொங்குகிறது. மேல் ஸ்தாயியில் தேடிப் பிடித்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அரை இடம் நகர்த்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றினார். கறுப்பு டி-ஷர்ட்டில் வியர்வை தெரியாது என்பது அதன் ஒரே லாபம்.

சு.நி. வந்த இடங்களில் மட்டும் அவருக்குத் தயக்கமே இல்லை. பதினேழிலும் சுத்த நிஷாதத்தை அழுத்தமாக வைத்தார். அதில் ஒரு விபரீதம் உண்டு. சுத்த நிஷாதமும் சதுஸ்ருதி தைவதமும் இருப்பது ஒரே இடம். மேஜர் ஸ்கேல் பாட்டுக்கு அடியில் அந்த ஸ்வரத்தை வைத்தால் அபஸ்வரமாகக் கேட்காது, ஆனால் பாட்டு மைனர் பக்கம் சாய்ந்து லேசாகக் கண்ணீர் விட ஆரம்பிக்கும். நாலாவது டூயட்டில் கீபோர்டுக்காரர் குனிந்து காதில் சொன்னார்: “பாஸ், பொண்ணு இன்னும் மண்டபத்துலதான் இருக்கு. வழியனுப்புற மாதிரியே ஏன் வாசிக்கிறீங்க?”

குத்து ஆரம்பித்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் இறங்கிவிட்டார்கள். நம்மவர் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணினார். அவர்கள் கால் தகிட தகிட என்று திஸ்ரத்தில் போய்க்கொண்டிருந்தது. எந்த மேலைநாட்டு நடையும் இவ்வளவு கேவலமாக அவரை விட்டுவிட்டுப் போனதில்லை. இடைவெளிகளை மெட்டல் சங்கதிகளால் நிரப்பிப் பார்த்தார். டோலக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே சொன்னார்: “தம்பி, ரெண்டு நோட்டு போதும். மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

மேடையை விட்டு இறங்கும்போது பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கிட்டார்ல ரெண்டு கம்பி அறுந்துபோச்சு போலிருக்கே தம்பி. இருந்தாலும் சமாளிச்சீங்க.”

திங்கட்கிழமை சாயந்திரம் நோட்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்க ரெகுலர் அண்ணனுக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. உடம்பு விசாரித்துவிட்டு, மெதுவாக, “அண்ணே, அந்தச் சுத்த நிஷாதத்த ஏன் அத்தனை எடத்துல...” என்றார்.

“என்ன நிஷாதம்?”

“சு.நி.ன்னு போட்டிருந்தீங்களே.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அது ‘சும்மா நில்’ தம்பி. அங்கெல்லாம் கீபோர்டுலயே லோ நோட்டு ஓடும். நாம எதுக்குக் குறுக்க? அந்த ராஜா சரணம்கூட நான் பாதிதான் வாசிப்பேன்... ஆமா, பேட்டா கைக்கு வந்துதா?”

போனை வைத்தபோது ஹாலில் அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

“என்னடா சொல்றார்? காகலியாமா?”

“இல்லப்பா” என்றார் நம்மவர். “சுத்தம்தானாம்.”