மௌனம் சம்மதம், வட்டி தனி

நாமெல்லாம் வங்கியில் கடன் வாங்குகிறோம். அமெரிக்காவில் சில பெரிய மனிதர்கள் வங்கியிடமிருந்து கடனையே வாங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஓர் ஐகார உருபுதான். அந்த ஓர் எழுத்தை வைத்தே கோடீஸ்வரர்களானவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் தமிழ் படித்ததற்கு அர்த்தமில்லை.

கிரெடிட் கார்டு பாக்கி ஆறு மாதம் கட்டப்படாமல் கிடந்தால் வங்கி அதை வராக்கடன் என்று எழுதித் தலைமுழுகிவிடும். அப்புறம் அதே மாதிரி ஆயிரக்கணக்கான பாக்கிகளோடு சேர்த்து மூட்டை கட்டி விற்கும். என்ன விலைக்கு? ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013-ல் கணக்குப் பார்த்துச் சொன்னது: 100 டாலர் பாக்கிக்குச் சராசரியாக 4 டாலர். பெற்றவளே கைகழுவிய பிள்ளையை 4 டாலர் கொடுத்துத் தத்தெடுத்து, முழு 100 டாலரையும் ஞாபகம் வைத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். இந்தக் காலத்தில் சொந்தபந்தம்கூட இப்படி வருவதில்லை.

அவர்களுடைய வெள்ளை மனசு இன்னும் பெரிது. நாம் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால்கூட காம்பைப் பார்ப்போம், திருப்பிப் பார்ப்போம், சொத்தை இருந்தால் கூடையில் போட்டுவிடுவோம். இவர்கள் வாங்கிய மூட்டைகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பந்தத் தாளும் கிடையாது, மாதக் கணக்குச் சீட்டும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் பட்டியல் இருக்கும். அதில் பெயர், விலாசம், தொகை. ‘இந்தத் தகவல் சரியானது என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை’ என்று விற்கிற வங்கியே விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. விற்பவனே நம்பாத சரக்கை நம்பி வாங்கி, நம்பி வழக்குப் போடுகிறவர்களைப் பார்த்துக் கண் கலங்காதவர் கல் நெஞ்சக்காரர்.

வழக்கென்றால் முதலில் சம்மன். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் சாமானியர்கள் இல்லை. நியூயார்க்கில் 2009-ல் தொடங்கிய ஒரு கூட்டு வழக்கில் அவர்களுடைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் சம்மன் கொடுத்ததாக நூற்றுக்கணக்கான பதிவுகள். நம் சித்தர்கள் ஒரே நாளில் இரண்டு ஊரில் தென்பட்டதற்கே மடம் கட்டி விளக்கேற்றுகிறோம். அங்கே இந்த மகான்களின் கலைக்கு மரியாதையில்லாமல் ‘சாக்கடை சர்வீஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சம்மன் சாக்கடைக்குத்தான் போய்ச் சேர்கிறதாம். அந்த வழக்கு கடைசியில் 5 கோடியே 90 லட்சம் டாலருக்குச் சமரசமானது. சித்து வேலைக்குச் செலவாகத்தானே செய்யும்?

சம்மன் சாக்கடையில் கிடந்தால் பிரதிவாதி கோர்ட்டுக்கு வரமாட்டார். வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. பியூ அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புள்ளிவிவரம் கிடைத்த இடங்களில் இப்படிப்பட்ட வழக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் எதிராளி இல்லாமலேயே முடிந்தன. வக்கீல் வைத்துக்கொண்ட பிரதிவாதிகள் 100-ல் 10 பேர்கூட இல்லை. வாதிகள் அனேகமாக எல்லோருக்கும் வக்கீல் உண்டு. இப்படி ஓர் அமைதியான நீதிமன்றத்தை எங்கே பார்க்க முடியும்? நம்மூரில் வாய்தா, வாக்குவாதம், வராந்தாவில் கூச்சல்.

ஆனாலும் சில பிடிவாதக்காரர்கள் சம்மனைப் பிரித்துப் படித்து, பதிலும் எழுதிவிடுகிறார்கள். ‘இந்தக் கடன் என்னுடையது இல்லை’ என்பார்கள், அல்லது ‘தொகை தப்பு’ என்பார்கள். இவர்களுக்காகவே ஏற்பட்டது சம்மரி ஜட்ஜ்மென்ட் என்கிற சுருக்கமுறைத் தீர்ப்பு. ‘உண்மை விவரங்களில் நியாயமான தகராறு எதுவும் இல்லை, எனவே விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் வேண்டாம், பேப்பரைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள்’ என்று வாதி மனுப் போடுவார். 1855-ல் இங்கிலாந்தில் மாற்றுச் சீட்டுக் கடன்களுக்காகக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து கிளம்பிய வம்சம் இது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளையும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். கையெழுத்துப் போட்ட சீட்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு உண்டாக்கிய வழி. சீட்டே இல்லாதவர்களும் அதே வழியில் நடந்து காட்டியதுதான் 21-ஆம் நூற்றாண்டின் சாதனை.

சீட்டுக்குப் பதிலாக அவர்கள் தாக்கல் செய்வது பிரமாணப் பத்திரம். ‘கணக்குப் பதிவேடுகளை நேரில் பார்த்தேன், விவரங்களை நானே அறிவேன்’ என்று கம்பெனி ஊழியர் ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்திடுவார். ஓஹியோவில் ஃபெடரல் கோர்ட் 2009-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், இப்படி ஓர் ஊழியர் நாளொன்றுக்கு 200 முதல் 400 பத்திரங்கள் வரை கையெழுத்திட்டது வெளியே வந்தது. எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால், 400 பத்திரம் போட்ட நாளில் ஒன்றுக்கு 72 விநாடி. அதற்குள் ஒருவருடைய வாங்கல், கட்டல், வட்டி, பாக்கி எல்லாவற்றையும் ‘நேரில் அறிந்து’, கையெழுத்தும் போட்டு, அடுத்தவரை அறியப் போய்விட வேண்டும். அஷ்டாவதானிகள்கூட எட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பத்திரங்களோ கசங்கல் இல்லை, கறை இல்லை, ஒரு விரல்ரேகை இல்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து அவ்வை எப்படி வியந்தாளோ அப்படி வியக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் கார்டுக்கு உடையவர் நிற்கிறார். கடையில் கார்டைத் தேய்த்தவர் அவர்தான், கட்டியவர் அவர்தான், கட்டாமல் விட்டவரும் அவர்தான். அவர் எழுந்து ‘இது என் கணக்கு இல்லைங்க’ என்றால் சட்டம் அதை ‘வெறும் மறுப்பு’ என்று ஒதுக்கிவிடக்கூடும். தகராறு இருக்கிறது என்று காட்ட வாய்வார்த்தை போதாது, ஆதாரம் வேண்டும். வாழ்ந்தவர் சொன்னால் வெறும் மறுப்பு. 72 விநாடியில் வாசித்தவர் சொன்னால் நேரடி அறிவு. கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததை அமெரிக்க வாதிகள் இவ்வளவு பயபக்தியோடு கடைப்பிடிப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய மௌன சாஸ்திரம். ‘உங்களுக்கு மாதக் கணக்குச் சீட்டு அனுப்பினோம்; நீங்கள் ஆட்சேபிக்கவில்லை; ஆகவே அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டீர்கள்.’ இது ஒரு சட்டக் கோட்பாடு. இன்னொன்று அதைவிட அழகு. வழக்கு நடக்கும்போதே பிரதிவாதிக்கு ஒரு பட்டியல் தபாலில் போகும்: ‘இந்தக் கணக்கு உங்களுடையது என்பதை ஒப்புக்கொள்க. இந்தத் தொகை பாக்கி என்பதை ஒப்புக்கொள்க. உங்களிடம் எதிர்வாதம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்க.’ ஃபெடரல் விதிப்படியும் பல மாநில விதிகளின்படியும் 30 நாளுக்குள் மறுக்காவிட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இரட்டை ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்ட இங்கிலீஷில் இருக்கிறதே என்று அந்தக் கவரை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தவர், அங்கேயே வழக்கை முடித்துவிட்டார். பிறகு சம்மரி ஜட்ஜ்மென்ட் மனுவில் வக்கீல் ஒரு வரி எழுதினால் போதும்: எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டது, தகராறு எதுவும் இல்லை. மௌனம் சம்மதம் என்று நாம் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். என்ன குறுகிய பார்வை!

கடன் நிஜமாகவே அவருடையதாக இருக்கலாம், பலருடையது நிஜம்தான். அதனால்தான் விசாரணை வேண்டாம் என்கிறார்கள். நிஜமான கடனாளிக்கும், அதே பெயர்கொண்ட பக்கத்துத் தெருக்காரருக்கும், பத்து வருஷம் முன்பே கட்டி முடித்தவருக்கும் பாரபட்சமில்லாமல் ஒரே தீர்ப்பு கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தீர்ப்பு வந்தபின் அன்பு இன்னும் நெருக்கமாகும். ஃபெடரல் சட்டம் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை ஜப்தி செய்ய இடம் தருகிறது. (டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் இந்தக் கடனுக்குச் சம்பளத்தைத் தொடவிடுவதில்லை, அன்புக்கும் அடைக்கும் தாழ் உண்டு போலிருக்கிறது.) நியூயார்க்கில் தீர்ப்புத் தொகைக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷம் வரை வசூலிக்கலாம் என்று இருந்தது. 4 டாலர் போட்டு வாங்கிய 100 டாலர் தீர்ப்பு, 20 வருஷத்தில் வட்டியோடு 280. தங்கம், வீட்டு மனை என்று அலையும் நம் மாமாக்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நன்றி கெட்ட உலகம் இவர்களை விடவில்லை. 2015-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம், தொழிலின் இரண்டு ஜாம்பவான்களான என்கோர் கேபிடல், போர்ட்ஃபோலியோ ரிக்கவரி அசோசியேட்ஸ் இருவரையும் கோடிக்கணக்கான டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதே வருஷம் சேஸ் வங்கி, தப்பும் தவறுமான கடன்களை விற்றதற்காகவும் படிக்காமல் போட்ட கையெழுத்துகளுக்காகவும் 5 லட்சத்து 28 ஆயிரம் பேருடைய கணக்குகளில் வசூலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022-ல் நியூயார்க் இன்னும் கொடுமை செய்தது. வழக்குப் போடும் கெடு 6 வருஷத்திலிருந்து 3 வருஷமானது. தீர்ப்பு வட்டி 9-லிருந்து 2 சதவீதமானது. கோர்ட்டே பிரதிவாதிக்குத் தனியாக ஒரு தபால் போடும். விலாசம் தப்பு என்று அது திரும்பி வந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக் கிடையாது. சித்தர்களின் வேலையைத் தபால்காரர் கெடுத்துவிட்டார்.

ஆகவே அமெரிக்காவில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்மன் வந்தால் பதில் எழுதாதீர்கள். நியூயார்க்கில் கையில் கொடுத்த சம்மனுக்கு 20 நாள் அவகாசம். அந்த 20 நாளும் நிம்மதியாகத் தூங்குங்கள். ‘இந்தக் கடன் உங்கள் கைக்கு எப்படி வந்தது, வங்கியிலிருந்து உங்கள்வரை ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்தையும் காட்டுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மூட்டையை அவிழ்க்க வேண்டிவரும். உள்ளே என்ன இல்லை என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.