காசு கட்டி ஓடுதல்: பினாங்குத் தீவின் ஞாயிறு அதிகாலை குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆதி முதல் மனிதன் இரண்டே காரணங்களுக்காக ஓடி வந்திருக்கிறான்: ஒன்றைப் பிடிக்க, அல்லது ஒன்றிடம் பிடிபடாமல் இருக்க. மூன்றாவது காரணம் ஒன்றை ஜார்ஜ்டவுனில் காணலாம். அறுபது வெள்ளி கட்டி, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஓடுவது. இதற்கு அறக்கொடை ஓட்டம் என்று பெயர்.

இத்துறையின் மூல வினாவை எழுப்பியவர் இவ்வாய்வாளரின் தாயார். “காசு கட்டி ஓடுறதா? சும்மா ஓடினா போலீஸ் பிடிச்சுக்குமா?” அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஒருவர். அவர் ஆய்வாளரே.

2. காலமும் களமும்

ஓட்டம் காலை 6 மணிக்குத் தொடங்கும் என்று அறிவிப்பு சொல்லும். இது முழு உண்மையன்று. தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒத்துப்போவதற்காக, 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. பினாங்கின் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிட்டால், கடிகாரம் 6 காட்டும்போது சூரியக் கணக்கில் 4.40தான் ஆகிறது. ஓடுபவர்கள் முகத்தில் தெரியும் குழப்பத்துக்குக் காரணம் களைப்பன்று, வானியல்.

களம் பாடாங் கோத்தா லாமா திடல். ஃபார்குவார் தெரு வழியாக, 1885இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டலைக் கடந்து, பழைய கோடீஸ்வரர்களின் மாளிகைகள் நிற்கும் சுல்தான் அகமட் ஷா சாலையில் ஏறி, குர்னி டிரைவைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இதைவிடப் பெரிய பக்திமான்களுக்குப் பினாங்குப் பாலத்து மாரத்தான் உண்டு. 1985இல் திறந்த அந்தப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல் போகிறது. நடுவில் மனம் மாறினால் டாக்சி பிடிக்க வழியில்லை. ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

3. ஆயத்தம்

பயிற்சி மூன்று கட்டங்களாக நடந்தது. முதற்கட்டம், சப்பாத்து வாங்குதல். இதற்கு மூன்று வாரங்கள் பிடித்தன. இரண்டாம் கட்டம், தண்ணிமலையில் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை ஏறுதல். 200ஆம் படியில் ஆய்வாளர் மூச்சு வாங்க நின்றபோது, சேலை கட்டிய பாட்டி ஒருவர் வெறுங்காலோடு கடந்து போனார். “மெதுவா வாங்க தம்பி, முருகன் எங்கயும் போயிட மாட்டான்” என்றார். மூன்றாம் கட்டம், தாவரவியல் பூங்காவில் ஓடுதல். அங்கே பயிற்சியாளர் பொறுப்பைக் குரங்குகள் ஏற்றுக்கொண்டன. கையில் வாழைப்பழம் வைத்திருந்த ஒரே நாளில்தான் ஆய்வாளர் தம் வாழ்நாளின் அதிகபட்ச வேகத்தை எட்டினார்.

போட்டி நாளன்று அவருடைய வேகத்தை ஒப்பிடத் தக்க அளவுகோல் தைப்பூச வெள்ளி ரதம் ஒன்றே. அதுவும் பினாங்குத் தெருவில் காலையில் கிளம்பி, இரவில்தான் தண்ணிமலை சேரும். ஆனால் ரதத்துக்கு வழிநெடுகத் தேங்காய் உடைக்கிறார்கள்.

தைப்பூசத்தோடு இன்னோர் ஒப்புமையும் உண்டு. தண்ணீர்ப் பந்தல். தைப்பூசப் பந்தலில் மோர் கேட்டால், நேர்த்திக்கடன் உள்ளவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று எவரும் விசாரிப்பதில்லை. ஓட்டப் பந்தலிலோ முதலில் நெஞ்சில் எண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

4. முன்னோடி

ஓடி நிதி திரட்டும் முறைக்கு உலகறிந்த முன்னோடி கனடாவின் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கிளம்பி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நின்றார். ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர் என்பது அவர் கேட்ட கணக்கு. மறு ஆண்டு பிப்ரவரிக்குள் 24 மில்லியன் டாலர் சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் நடக்கும் ஓட்டங்கள் மலேசியாவுக்கும் வந்தன.

கவனிக்க: அவர் ஓடினார், வீட்டிலிருந்தவர்கள் கொடுத்தார்கள். நம் ஏற்பாட்டில் ஓடுபவரே கொடுக்கவும் வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் சட்டை அளவு கேட்கிறார்.

5. கொடைத் தேற்றம்

அறுபது வெள்ளியில் சட்டை, எண், பதக்கம், தண்ணீர், வாழைப்பழம், மைலோ லாரியின் கிண்ணம் எல்லாம் கழிய, மிஞ்சுவதே அறத்துக்கு, அதாவது ஓட்டம் யாருக்காக நடக்கிறதோ அந்த இல்லத்துக்கு, போகிறது. இதிலிருந்து பின்வருவன பெறப்படும்.

முதலில் வருபவர் பரிசுத் தொகை வாங்கிக்கொள்கிறார். அவர் கொடையாளியல்லர், பயனாளி.

நடுவில் வருபவர் இரண்டு பழம், மூன்று கிண்ணம் மைலோ எடுத்துக்கொள்கிறார். வரவும் செலவும் சரி.

கடைசியில் வருபவருக்குப் பழம் தீர்ந்துவிடும், லாரியும் கிளம்பிவிடும். அவர் பணத்தின் பெரும்பகுதி அறத்துக்கே சேர்கிறது. ஆய்வாளர் இவ்வகையினர். லாரியின் பின்விளக்கை அவர் கண்ணாரக் கண்டார்.

ஆயினும் இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். முழுக் கட்டணம் கட்டி, சட்டை வாங்கவும் போகாமல், அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியவர். தண்ணீர்கூடக் குடிக்காத வள்ளல். பாரிக்கும் ஒரு தேர் செலவானது. இவருக்குப் போர்வை விலகவில்லை.

6. விவாதமும் முடிவும்

இத்தேற்றம் தாயார் முன்னிலையில், தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாட்சியாக, சமர்ப்பிக்கப்பட்டது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “அப்ப அந்த அறுபது வெள்ளிய நேரா அந்த இல்லத்துல கொண்டுபோய்க் கொடுத்தா என்னா?” என்றார்.

இக்கேள்விக்கு ஆய்வாளரிடம் பதிலில்லை. தாயாரின் ஆணைப்படி, மறுநாள் அறுபது வெள்ளி நேராகக் கொடுக்கப்பட்டது. அங்கே சட்டை தரவில்லை. ரசீது தந்தார்கள். பசியாறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். இரண்டு தோசையைக் கழித்துக்கொண்டால், இந்த முறையிலும் கணக்கு முழுசாக நேர்படவில்லை.

எனவே அடுத்த ஓட்டத்துக்கும் பணம் கட்டியாயிற்று. அலாரம் வைப்பதாக இல்லை.