அடிவாரத்துப் பூனையும் ஆழ்கடல் சூரையும்: ஓர் ஆய்வு

முதலில் ஆய்வு எல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ், கியரை மாற்றிக்கொண்டு உறுமத் தொடங்கும் இடம் அடிவாரம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இங்கிருந்துதான். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்கள், பக்கத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிக் கடல். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டுப் பூனை சூரை மீன் கேட்டு அடுப்படி வாசலில் கத்துகிறது. கேட்பது நியாயமா, கொடுப்பது நல்லதா? அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

சொல்லாராய்ச்சி இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் கிடையாது. புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பவருக்குச் சூரை என்றால் வேட்டியைக் கிழிக்கும் முள்செடி; அதன் கறுத்த சிறு பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். மீன்காரருக்குச் சூரை என்றால் ரத்தச் சிவப்புச் சதையுள்ள மீன். டின்னில் அடைத்து டியூனா என்று பெயர் மாற்றி நாலு மடங்கு மரியாதையோடு விற்பதும் அதே மீனைத்தான். சேலத்தில் மீன் மார்க்கெட் இருக்கும் சூரமங்கலத்துக்கும் சூரைக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடுமுன் சொல்லிவிடலாம்: சான்று இல்லை.

இலக்கியமும் பூனைக்குச் சாதகமாக இல்லை. சங்கப் பாடல்களில் வரும் வெருகு, அதாவது காட்டுப்பூனை, குறி வைப்பது வீட்டுக் கோழியை. கம்பர் தம் அவையடக்கத்தில் ஒரு பூனையைக் கடற்கரை வரைக்கும் அழைத்துப் போனார். போன இடமோ பாற்கடல். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு கழியும். அந்தக் கடல் முழுவதையும் நக்கிவிடக் கம்பரின் பூனை ஆசைப்பட்டதைக் கால்நடை மருத்துவர் ஒருவர் படித்தால் பதறிப்போவார்.) கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைத்த பழமொழிக்கு வரும்போதுதான் மீன் வாசமே அடிக்கிறது.

உயிரியலும் பூனைக்குச் சாதகமாக இல்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனை என்று 2007ஆம் ஆண்டு மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்தில் எலி பிடித்து வாழ்ந்த பிராணி அது. அதன் வாரிசின் எடை 4 கிலோ. மஞ்சள்துடுப்புச் சூரையோ 100 கிலோவையும் தாண்டி வளரும். இயற்கையில் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால் யார் யாருக்கு உணவு என்ற கேள்வி வேறு விதமாக முடிந்திருக்கும்.

பிறகு ஏன் இந்தப் பைத்தியம்? விடை நாக்கில் இருக்கிறது. பூனைக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவையை அறியும் மரபணு அதற்குப் பழுதாகிக் கிடப்பது 2005இல் தெரியவந்தது. ஏற்காட்டுப் பலாச்சுளையை முன்னால் வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆனால் உமாமி என்னும் இறைச்சிச் சுவை அதற்கு நன்றாகவே தெரியும். இங்கிலாந்தின் வால்தம் ஆய்வகத்தார் 2023இல் இன்னொரு படி மேலே போனார்கள். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் இனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளும் சேர்ந்தால் பூனை சொக்கிப்போகிறது என்றார்கள். இரண்டும் கூடி இருக்கும் பண்டம் சூரை.

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால், பூனையை மயக்கிய அதே ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்ற மனிதருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. ஆகவே கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரைக்குமான 200 கிலோமீட்டரில் மிக முக்கியமான ஆய்வுக் கருவி, தெர்மோகோல் பெட்டியில் இருக்கும் ஐஸ்.

அடுத்து பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று ஆடிச் செத்தன; ஆட்கள் விழுந்தது அதற்குப் பிறகு. ஆலைக் கழிவோடு விரிகுடாவில் கலந்த பாதரசம் மீன் வழியாக வந்து சேர்ந்திருந்தது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவர் ஹொசோகாவா, 400ஆம் எண் பூனைக்கு அந்தக் கழிவைக் கலந்து கொடுத்து நோயை நேரில் பார்த்தார். முடிவை ஆலை வெளியே விடவில்லை. சூரை அங்கே குற்றவாளி அல்ல. ஆனாலும் சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் பாதரசம் சேரும் என்பது பொது விதி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகக் கணக்கில், டின்னில் வரும் அல்பகோர் சூரையில் சராசரி 0.35 பிபிஎம்; சிறு சூரைகளின் டின்னில் 0.126. எனவே சின்னச் சூரையே மேல்.

தினமும் சூரையே சாப்பாடு என்றால் அது வேறு கதை. அதன் கொழுப்புக்கு ஈடாக வைட்டமின் ஈ கிடைக்காவிட்டால் பூனையின் உடற்கொழுப்பு மஞ்சளாகி வீங்கும். தொட்டாலே வலியில் கத்தும். பச்சை மீன் பலவற்றில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. பி1 குறைந்தால் பூனையின் தலை நெஞ்சை நோக்கித் தொங்கிப்போகும். வேகவைத்தால் இந்த நொதி செயலிழந்துவிடும்.

இனி களஆய்வு. ஞாயிறு காலை மீன்காரரின் டூவீலர் ஹாரன் கேட்டதும் பூனை காம்பவுண்டுச் சுவரிலிருந்து குதிக்கிறது. அரிவாள்மனையின் முன்னால் வாலைச் சுருட்டி உட்கார்ந்து, எறியப்படும் செவுளையும் குடலையும் பச்சையாகவே முடிக்கிறது. சதை முழுவதும் சட்டிக்குப் போகிறது: புளி, மிளகாய், ஒரு கை பூண்டு, இரண்டு கை சின்ன வெங்காயம். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிச்சக் குழம்பைச் சோற்றில் பிசைந்து அலுமினியத் தட்டில் வைக்கிறார் பாட்டி. "அதுவும் வாயுள்ள சீவன்தானே!"

இந்தத் தட்டுதான் இந்த ஆய்வின் முதன்மைச் சான்று. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டின் வேகம் இன்னும் அதிகம். வேகவைத்தாலும் குணம் போகாது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். சூரையின் கணக்கைப் பாருங்கள். அதே பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்களின் விதி. 100 கிராம் சூரையில் நூற்றுச் சொச்சம் கலோரி. வருவது அதே 20 கிராம். ஒரே எடை, ஒன்று விருந்து, இன்னொன்று ரத்தசோகை. ஊரே சந்தேகப்பட்டது மீனை. தவறு செய்தது மசாலா.

தீர்ப்பு இது. ஐஸ் உருகாமல் வந்த சின்னச் சூரை, முள் நீக்கி, உப்பில்லாமல் வெந்நீரில் வேகவைத்து, 20 கிராம், வாரம் ஒருமுறை: தரலாம். எண்ணெயிலும் உப்புநீரிலும் ஊறிய டின் மீன் வேண்டாம். குழம்பு வேண்டவே வேண்டாம். பாட்டிமார்களுக்கு ஒரு விண்ணப்பம்: வெங்காயம் வதக்க எண்ணெய் காயவைக்கும்போதே பூனைக்கு ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.