கடாட்சத்தில் இருக்கும் கணினிப் பட்டதாரியின் விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ மனிதவளப் பிரிவுத் தலைவர் அவர்கள் திருச்சமூகத்திற்கு,

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை அடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் பெற்றோரின் ஆதரவில் ஜீவிக்கும் கணினியியல் பட்டதாரி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்திற்குப் பதில் எழுதும்படி கேட்கப்போவதில்லை. தங்களிடம் பதிலை எதிர்பார்ப்பது எத்தகைய அபசாரம் என்பதை அனுபவத்தால் அறிந்தவன் நான். (அனுபவம் என்ற சொல்லைத் துணிந்து உபயோகித்ததை மன்னிக்க வேண்டும், அது என்னிடம் இல்லை என்று தாங்களே தீர்ப்பளித்திருக்கிறீர்கள்.)

சென்ற வாரம், ஊர் உறங்கும் பின்னிரவில், தங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. அதில் தாங்கள் என் தந்தையாரை நிராகரித்திருந்தீர்கள். தங்கள் விண்ணப்பப் படிவம் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்பாதவனை அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை ஆகையால், அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' என்பதற்கு அப்பால் நிற்கும் தகப்பனார் பெயரை அங்கே இட்டேன். அதன் பலனாக, வாலிபம் முழுவதும் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவரும், கணினி என்றால் அதைத் துடைத்து வைப்பதற்கு மேல் யாதொரு சம்பந்தமும் இல்லாதவருமான ஒரு பெரியவருக்கு, இளநிலை மென்பொருள் பொறியாளர் பதவிக்குரிய தகுதி அவரிடம் போதவில்லை என்றும், ஆயினும் அவருடைய விவரங்களைப் பிற்கால வாய்ப்புகளுக்காகத் தங்கள் பார்வையில் வைத்திருப்பதாகவும் மிக்க மரியாதையுடன் தெரிவித்திருந்தீர்கள். அவர் பெயருக்கு வந்த கடிதம் என்பதால் அவரிடமே காட்டினேன். "நான் எப்பப்பா வேலை கேட்டேன்?" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்து, "கேக்காதப்பவே இல்லைங்கிறாங்க, கேட்டா என்ன சொல்வாங்களோ" என்றார்.

இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. தங்கள் பார்வையில் இருப்பது என்ன சாமானியமான பாக்கியமா? வெள்ளிக்கிழமை மாலையில் வீரமாகாளியம்மன் சந்நிதியில் இடிபட்டு நிற்கும் பக்தனுக்குக்கூட அம்பாளின் கடாட்சம் தன்மேல் விழுந்ததா என்பது நிச்சயமில்லை. எனக்கோ எழுத்து மூலம் உத்தரவாதம் வந்திருக்கிறது. தங்களுடையது மட்டுமா? வங்கிகளின் கடாட்சம், காப்பீட்டு நிறுவனங்களின் கடாட்சம், நேற்று முளைத்த தொழில்முனைவோரின் கடாட்சம் என, சாங்கி வர்த்தகப் பூங்காவிலிருந்து ஒன்-நார்த் வரைக்கும் என்மேல் விழாத கண்ணே இல்லை. இத்தனை கடாட்சத்தில் முழுகியும் ஒருவன் ரயில் கட்டணத்துக்குத் தாயாரிடம் கை நீட்டுகிறான் என்றால், அது அவனுடைய பூர்வ ஜன்ம வினையேயன்றித் தங்கள் குற்றமாகாது.

இந்த மார்க்கத்தை நான் என் சுயபுத்தியால் தேர்ந்தேன் என்று சொல்வது பொய்யாகும். 1981ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் ஏற்பட்ட நாள்தொட்டே, கணினி கற்றவனுக்கு இத்தீவில் கஷ்டமில்லை என்பது பெரியோர் வாக்கு. 2014இல், நான் உயர்நிலைப் பள்ளியில் இருக்கையில், 'அறிவார்ந்த தேசம்' திட்டத்தை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடங்கிவைத்தார். நிரல் எழுதுவதை விளையாட்டாகக் கற்றுத்தரும் வகுப்புகள் அவ்வாண்டிலேயே பள்ளிகளுக்கு வந்தன. தேசம் அறிவார்ந்ததாகப் போகிறது, நாம் மட்டும் பின்தங்கலாமா என்று பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டும், தேசிய சேவையில் ஈராண்டும், பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் கழித்தேன். இவையனைத்தையும் கூட்டினாலும், 'தொடக்கநிலைப் பணி' என்று தலைப்பிட்டுத் தாங்கள் கேட்கும் மூன்றாண்டு ஆகவில்லை.

பட்டம் பெற்ற பின் எந்தக் கிளையில் ஏறுவது என்ற விசாரம் வந்தது. ஆலோசகர் அம்மையார் இணையப் பாதுகாப்பே எதிர்காலம் என்றார். வங்கியில் இருக்கும் சித்தப்பா தரவு என்றார். செயற்கை நுண்ணறிவைத் தவிர மற்றெல்லாம் மாயை என்றார் கோயிலில் சந்தித்த ஒருவர். தேக்கா ஈரச்சந்தையை ஒட்டிய உணவங்காடியில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த அப்பாவின் சிநேகிதரோ, "பேசாம கிராப் ஓட்டு தம்பி" என்று ஒரே வாக்கியத்தில் உபதேசத்தை முடித்தார். அந்தக் கிராப் நிறுவனம் 2023 ஜூனில் ஆயிரம் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது என்பதும், அவ்வாறு சந்தைக்கு வந்த அனுபவசாலிகளுடனேயே நான் இளநிலைப் பதவிக்கு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் வழியில் விண்ணப்பப் படிவம் சின்னது என்பதை மறுப்பதற்கில்லை.

பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு ஆய்வை என் தாயார் கண்ணாடிப் பேழையில் வைக்காத குறையாகப் போற்றிவருகிறார். 2024இல் பட்டம் பெற்று வேலைச் சந்தைக்கு வந்தோரில் 79.5 விழுக்காட்டினர் முழுநேர நிரந்தர வேலை பெற்றார்களாம். அதற்கு முந்திய ஆண்டில் 84.1. இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. விழுக்காடு இறங்குகிறது, சம்பளம் ஏறுகிறது; அதாவது உள்ளே போனவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். வெளியே நிற்பவர்களைப் பற்றி என்ன கவலை, அவர்கள்தாம் தங்கள் கடாட்சத்தில் இருக்கிறார்களே!

தங்கள் நேர்காணலை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. நேர் என்பதும் காணல் என்பதும் இல்லாத அந்த வைபவத்தில், நான் தீபாவளிச் சட்டையை அணிந்து, என் படுக்கையறைச் சுவருக்கு முன் உட்கார்ந்து, திரையில் எழுந்த கேள்விகளுக்கு, மூலையில் விநாடிகள் குறைந்துகொண்டே வர, என் முகத்தையே பார்த்து விடையிறுத்தேன். ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பாய் என்று கேட்டது இயந்திரம். இயந்திரத்துக்கு நன்றி சொல்லி விடைபெற்றேன். அதைத் தங்கள் அலுவலகத்தில் ஒரு ஜீவன் பார்த்ததா? பார்க்கவில்லை. பெயரைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அறுபத்தைந்து வயதைக் கடந்த மனிதருக்கு இப்படி ஒரு கடிதம் போயிருக்குமா? ஆள் இல்லை, ஆள் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறீர்கள். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வேலை இல்லையென்றால் இல்லை என்று விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். எங்களைப் பேச வைத்துப் பதிவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

க்ஷமிக்க வேண்டும். வெயில் கடுமை.

நான் முயற்சியற்றவன் என்று தாங்கள் எண்ணிவிடலாகாது. 2025 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய பட்டதாரிப் பயிற்சித் திட்டத்திற்கும் மனுப் போட்டிருக்கிறேன்: எண்ணூறு இடங்கள் வரை, மூன்று மாதம் முதல் ஆறு மாதம். இதற்கிடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேம்பல் லேனில் ஒரு சேலைக் கடையில் பில் போடும் கணினி பண்டிகை நேரத்தில் படுத்துவிட, முதலாளி தம் மருமகனை விட்டு என்னை அழைத்துவரச் சொன்னார். குடும்பப் பெயர் கேட்கவில்லை. ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பாய் என்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா தம்பி?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். தரவுத்தளம் பழுதாகியிருந்தது, பழைய கணக்குகளை மீட்டு, புதிய இயந்திரத்துக்கு மாற்றி, ரசீது அச்சாவதைக் கண்டபோது கடை மூடும் நேரம். கூலியைக் கையில் கொடுத்து, கடையின் முத்திரையிட்ட தாளில் வேலை திருப்தி என்று எழுதியும் தந்தார்.

அந்தச் சான்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் கோரும் மூன்றாண்டு அனுபவத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொண்டு, பாக்கி எவ்வளவு என்பதைத் தயவுகூர்ந்து தெரிவிக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் பார்வையில் இருப்பவன்