பூங்குழலியைக் கூட்டிவர யாரிடம் அனுமதி?

கே: பொன்னியின் செல்வன் பூங்குழலி எங்கடை தீவில் கரையேறி, குதிரைக் கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கிற மாதிரி ஒரு கதை எழுதினேன். புத்தகமாய்ப் போட்டால் வழக்கு வருமோ? – நெடுந்தீவு வாசகி

ப: சட்டம் விட்டுவிடும், சரித்திர ரீச்சர் விடமாட்டா. பூங்குழலி சோழர் காலத்துப் பிள்ளை. உங்கள் குதிரைகளோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்தபிறகு வந்தவை. இடையில் அறுநூறு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்கு வருவோம். கல்கி காலமானது 1954 டிசம்பரில். தமிழ்நாட்டு அரசு அவருடைய எழுத்துகளை 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. ஆனால் அது அக்கரை அரசின் முடிவு. இக்கரையில் எங்களுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. எழுதியவர் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் என்பது அதன் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் 2024உடன் முடிந்தது. தாராளமாய் எழுதுங்கள். ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியே எழுதினார். ரசிகர் எழுத்து இணையத்தோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

கே: அட்டைக்கு, படத்தில் பூங்குழலியாய் வந்த நடிகையின் போட்டோ போடலாமோ? – அதே வாசகி

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். கூடாது. நாவல் பொதுச்சொத்து, மணிரத்னத்தின் படம் பொதுச்சொத்து இல்லை. 2022இலும் 2023இலும் வந்த அந்த இரண்டு பாகங்களின் காட்சி, இசை, விளம்பரப் படம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இந்தியப் படம்தானே, இங்கே யார் கேட்பது என்று நினைக்கவேண்டாம். பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலிருந்து இருக்கிறது, இந்தியா 1928இலிருந்து. கல்கிக்கு மணியம் வரைந்த பூங்குழலியும் வேண்டாம். அவர் 1968இல்தான் மறைந்தார், உரிமைக்காலம் இன்னும் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வடிவாய்ப் படம் கீறுமென்றால் அதைக்கொண்டு கீறுவியுங்கள். அந்தப் பிள்ளையிடமும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

கே: “பாட்டின் உரிமை உரியவருக்கே” என்று வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டால் போதும்தானே? – வேலணை இளைஞர்

ப: குறிகட்டுவான் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறி, “இந்த பஸ் ஆருடையது என்று எனக்கு வடிவாய்த் தெரியும்” என்று கொண்டக்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

கே: படகு பிந்துவதைப் பற்றிப் பிரபலமான சினிமா மெட்டில் நக்கல் பாட்டு ஒன்று கட்டினோம். நக்கலுக்குச் சட்டம் இடம் கொடுக்காதோ? – நயினாதீவு நண்பர்கள்

ப: கொடுக்கும், ஆனால் நக்கல் யாருக்கு என்று கேட்கும். எங்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவு ‘நியாயமான பயன்பாடு’ பற்றியது. அமெரிக்கச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கும். விமர்சனம், கருத்து, செய்தி, கற்பித்தல், ஆய்வு என்று பெயர் சொல்கிறது. நக்கலைப் பெயர் சொல்லவில்லை. காசுக்குச் செய்தீர்களா, எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தையைக் கெடுத்தீர்களா என்ற நாலையும் நீதிமன்றம் பார்க்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல், ‘பிரிட்டி வுமன்’ பாட்டைக் கேலி செய்த ராப் குழுவின் வழக்கில் ஒரு நுணுக்கம் சொன்னது: மூலப் பாட்டையே கேலி செய்தால், அதிலிருந்து கொஞ்சம் எடுக்க நியாயம் இருக்கிறது. வேறெதையோ திட்டுவதற்கு அந்தப் பாட்டை இரவல் வாங்கினால் நியாயம் மெலிந்துபோகும். அது எங்கள் நீதிமன்றத்தைக் கட்டாது என்றாலும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை வாசித்திருப்பார். நீங்கள் திட்டியது படகை, எடுத்தது முழு மெட்டை. சொந்த மெட்டுக் கட்டுங்கள். அதற்குள் படகு வந்துவிடப் போகிறதா என்ன?

கே: திருவிழாவில் இசைக்குழு இளையராஜா பாட்டுப் பாடினால்? – புங்குடுதீவு

ப: எஸ்.பி.பி.க்கே 2017இல் வக்கீல் நோட்டீஸ் போனது. உங்கள் குழுப் பாடகர் அவரைவிட நெருங்கிய கூட்டாளியோ?

கே: தனிநாயகம் அடிகள் எங்கடை கரம்பன் மண். அவர் எழுத்தை நாங்கள் அச்சடிக்க ஏன் அனுமதி கேட்கவேணும்? – ஊர்காவற்றுறை

ப: மண் உங்களுடையதுதான், ஆனால் பதிப்புரிமை காணி உறுதியோடு வருவதில்லை. அடிகளார் மறைந்தது 1980இல். 2050 வரை கேட்டுத்தான் போடவேண்டும்.

கே: வந்தியத்தேவனை வைத்து நான் எழுதிய தொடர்கதையை ஒருத்தர் அப்படியே தன் பெயரில் போட்டுவிட்டார். ரசிகர் கதைக்கு உரிமை உண்டோ? – அனலைதீவு

ப: உண்டு. வந்தியத்தேவன் உங்களுடையவன் இல்லை, அவனைப் பற்றி அவரும் எழுதலாம். நீங்கள் சேர்த்த சம்பவமும் வசனமும் உங்களுடையவை. அவற்றைத் தொட முடியாது. பதிவு செய்யவில்லையே என்று பயப்படவேண்டாம், எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. முதலில் ஒரு சட்டத்தரணியைக்கொண்டு கடிதம் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில். காலைப் படகைத் தவறவிடாதீர்கள்.