ஒப்பீட்டுத் தாத்தா

பேத்திக்கு இரண்டரை வயது நிறைந்ததும் வீட்டுக்கு மிக அருகில் உள்ள அங்கன்வாடியில், அதாவது ஊரார் இன்றும் பால்வாடி என்றே வழங்கும் அரசுக் குழந்தைகள் மையத்தில், அவளைச் சேர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது என்பது ஒப்பீட்டுத் தாத்தாவின் இயல்புக்கு முற்றிலும் ஒவ்வாத செயலாகும். மூன்று விலைப்புள்ளிகள் பெறாமல் அலுவலகத்துக்கு ஒரு துடைப்பம்கூட வாங்க இயலாது என்னும் விதியின் நிழலில் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவர் அவர். ஆகவே வட்டாரத்தில் உள்ள மையங்கள் அனைத்தையும் நேரில் பார்த்து, நீளக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்துக்குக் ‘குறிப்புரை’ என்று தலைப்பிட்ட பின்னரே அவரால் இரவில் உறங்க முடிகிறது.

இவ்வகைத் தாத்தாவின் ஆய்வுமுறை ஒரே ஒரு சொல்லின்மீது நிற்கிறது. அது ‘அங்கே’ என்பதாகும். முதல் மையத்தின் வாசலில் நின்று, உள்ளே எடை பார்த்துக்கொண்டிருக்கும் பணியாளரிடம், “அங்கே எல்லாம் சுவரிலே படம் வரைஞ்சிருக்காங்களேம்மா” என்று அவர் தொடங்குகிறார். அந்த ‘அங்கே’ இரண்டு தெரு தள்ளியிருக்கும் மையத்தைக் குறிக்கிறது. அடுத்த நாள் அந்த இரண்டாவது மையத்துக்குச் சென்று, வரையப்பட்டுள்ள யானையையும் மயிலையும் ஏறிட்டும் பாராமல், “அங்கே வாசலுக்குக் கம்பிக்கதவு போட்டிருக்காங்களே” என்று முதல் மையத்தை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். ஒவ்வொரு மையமும் அவர் அதனுள் நிற்கும் வரையில் குறையுடையதாகவும், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிய கணத்திலிருந்து முன்மாதிரி மையமாகவும் ஆகிவிடுகிறது. ஐந்தாவது மையத்தை அடையும்போது, முந்தைய நான்கின் சிறப்புகளும் ஒன்றுசேர்ந்து, சுவரில் ஓவியமும் வாசலில் கம்பிக்கதவும் புறத்தில் வேப்பமரமும் குழாயில் ஓயாத தண்ணீரும் கொண்டதொரு மையம் அவர் மனத்தில் எழுந்துவிடுகிறது. அப்படி ஒன்றை எந்த அரசும் எந்த ஊரிலும் கட்டியதில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. “அப்படீன்னா அங்கேயே சேர்த்துடலாமே, சார்” என்று பணியாளர் ஒருவர் பொறுமையிழந்து கூறும் இடத்தில் மட்டும் தாத்தா சற்றே திகைத்து, அங்கே ஆயா கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார் என்று ஒரு காரணத்தைக் கண்டெடுக்கிறார். ஆயா என்றால் சமைத்துப் பரிமாறும் உதவியாளர்.

இவ்வளவு உழைப்பும் எதன்மீது செலவிடப்படுகிறது என்பதை நோக்குமிடத்து வியப்பே மிஞ்சும். அங்கன்வாடிகள் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்குபவை. தமிழகத்தில் அவற்றின் அடுப்பு 1982ஆம் ஆண்டு ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தோடு பிணைந்தது. ஏறத்தாழ 400 முதல் 800 பேர் வரை வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது பொது அளவுகோல் ஆதலால், நடந்து செல்லும் தொலைவிலேயே மூன்று நான்கு மையங்கள் அமைந்துவிடுகின்றன, தாத்தாவுக்கும் பொழுது போகிறது. ஆனால் அந்த மூன்று நான்கிலும் சோறு ஒன்றே, அதற்கான அளவு ஒன்றே, வாரத்தில் மூன்று நாள் முட்டை என்னும் கணக்கும் ஒன்றே. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் முன்பருவக் கல்விப் பாடத்திட்டமும் எங்கும் ஒன்றுதான். ஒரே கையெழுத்தில் புறப்பட்ட சுற்றறிக்கையால் ஒரே மாதிரி ஆக்கப்பட்டவற்றுக்கிடையே வேறுபாடு தேடுவது, ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த இரண்டு புகைப்படங்களில் எதில் மாப்பிள்ளை சிரிக்கிறார் என்று ஆராய்வதற்கு ஒப்பாகும்.

வேறுபாடே இல்லை என்று சொல்வதும் பிழையே. ஒரு மையம் சொந்தக் கட்டடத்திலும் மற்றொன்று வாடகை வீட்டிலும் இருக்கலாம். ஒன்றில் கழிப்பறைக்குத் தண்ணீர் வரலாம், மற்றொன்றில் குடத்தில் தூக்கிவர நேரலாம். ஓரிடத்தில் உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடந்து, பணியாளரே அடுப்பையும் குழந்தைகளையும் ஒருங்கே பார்க்கும் நிலை இருக்கலாம். இவை தாத்தாவின் குறிப்பேட்டிலும் உண்டு. அதில் இடம்பெறாதது பணியாளர் மட்டுமே. காலையில் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றவற்றுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் அவர். மாதந்தோறும் எடையெடுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பவரும், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்பவரும், 2021 முதல் அவ்வளவையும் போஷன் டிராக்கர் என்னும் கைப்பேசிச் செயலியில் மறுபடியும் பதிவேற்றுபவரும், பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையையும் சேர்த்துச் சுமப்பவரும் அவரே. ஒரு மையத்துக்கும் மற்றொரு மையத்துக்கும் இடையே குழந்தைக்குத் தெரியக்கூடிய வேறுபாடு உண்டென்றால் அது இந்த ஒருவரால் விளைவது. சுவர் ஓவியத்துக்கும் கம்பிக்கதவுக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்கியவர், இவருக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. இவர் குழந்தைகளுக்குக் கைகழுவிவிடும் நேரமாகப் பார்த்து வந்து அரைமணி நேரம் நின்று கேள்வி கேட்டதைத் தாத்தா சேவை என்றும் கருதிக்கொள்கிறார். இது நகைப்புக்குரியது அன்று, அடுத்தவர் நேரத்தைத் தின்னுதல்.

ஒப்பீட்டுத் தாத்தா கெட்டவர் அல்லர் என்பதையும் கூறியாக வேண்டும். நான்காவது மையத்தில் ஒழுகிய குழாய்க்கு மறுநாளே தம் பணத்தில் வாஷர் வாங்கி வந்து மாட்டியவர் அவர்தான். மாட்டி முடித்ததும், அங்கே பித்தளைக் குழாய் என்று தெரிவித்தார் என்பது வேறு செய்தி. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் குடையை முழுவதும் அவள் பக்கமே சாய்த்து நடக்கும் அவரைத் தெருவில் காண்பவர் எவருக்கும் அவர்மேல் கோபம் நிலைக்காது.

பேத்தி தன்னளவில் ஓர் ஒப்பாய்வை நடத்தி முடித்துவிட்டாள். மூன்றாவது மையத்தில் தாத்தா சன்னல்களை எண்ணிக்கொண்டிருந்த வேளையில், அவள் உள்ளே சென்று, தலையில் ரிப்பன் கட்டிய மற்றொரு சிறுமியின் அருகில் அமர்ந்து, மரக்கட்டைகளை அடுக்கி, பின்னர் தட்டில் வைக்கப்பட்ட முட்டையையும் தின்றுவிட்டு, எழ மறுத்தாள். பட்டியலில் இன்னும் பார்க்கப்படாத மையங்கள் இருந்தமையால் அம்முடிவு ஏற்கப்படவில்லை. அவள் அலற அலறத் தூக்கிச் செல்லப்பட்டாள்.

நடுவில் எல்.கே.ஜி. என்னும் கிளைப்பொருளும் நுழைந்தது. தமிழக அரசு 2019 சனவரியில் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது, 2022 சூனில் அவற்றைக் கைவிடுவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அவை தொடரும் என அறிவிக்கப்பட்டது. அந்தப் பழைய செய்தித்தாள் துண்டைப் பத்திரப்படுத்தியிருந்த தாத்தா அதைப் பணியாளர்களிடம் காட்டி விளக்கம் கேட்டார். அரசின் மனமாற்றத்துக்கு விளக்கம் கூறும் பொறுப்பு தங்களுக்கு எப்போது வந்தது என்று அவர்களால் தெரிந்துகொள்ள இயலவில்லை.

இத்தனைக்கும் பிறகு பேத்தி சேர்க்கப்பட்ட இடம் ஒரு தனியார் நர்சரி. அதை அவர் சென்று பார்க்கவே இல்லை. வீட்டு வாசலுக்கு வேன் வரும் என்று மருமகள் சொன்னாள், பணம் கட்டப்பட்டது. அங்கே எத்தனை சன்னல்கள், மதியம் குழந்தை என்ன தின்கிறது, எடை யார் பார்க்கிறார்கள், எத்தனை குழந்தைக்கு ஓர் ஆசிரியை என்னும் கேள்விகளுள் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் வாசல் காவலர் அவரைத் தாண்ட விட்டிருக்கமாட்டார். அரசு மையம் யாரையும் உள்ளே விடும், எதற்கும் பதில் சொல்லும் என்பதாலேயே அதனிடம் ஆயிரம் கேள்விகள் கேட்கப்படுகின்றன. இதற்கிடையில் மையத்தின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்தால், ஏன் குறைந்தன என்று மேற்பார்வையாளர் கேட்பது பணியாளரைத்தான்.

மையத்துக்கு வராத குழந்தைகளையும் கணக்கெடுப்பது பணியாளரின் கடமை ஆதலால், அவர் பதிவேட்டோடு தாத்தாவின் வீட்டுக்கும் வருகிறார். பேத்தி நர்சரியில் இருப்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு வயதுப் பேரனுக்குரிய சத்துமாவுப் பொட்டலத்தை நீட்டுகிறார். தாத்தா அவரை உட்காரச் சொல்லி, காப்பிக்கும் குரல் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார். எடை அதன்மேலேயே அச்சடிக்கப்பட்டிருக்கிறது. “அங்கே கொடுக்கிறது கொஞ்சம் கனமா இருக்குமோம்மா?” என்கிறார்.